நீலசந்திராவின் கிரேக்கப் பள்ளி

மழை பெய்து ஓய்ந்த காலை. பள்ளி முற்றத்தில் தண்ணீர் தேங்கியிருந்ததால் பிள்ளைகளை வராந்தாவிலேயே நெருக்கி நிறுத்தியிருந்தோம். ஈரச் சீருடையின் வாடை. பக்கத்து பேக்கரியில் முதல் ஈடு பன் வெந்துகொண்டிருந்தது. மாடிப்படியின் மூன்றாவது படியில் நின்றுகொண்டு கதெரினா மேடம், வழக்கம்போல, "கலிமேரா, பெதியா" என்றார். காலை வணக்கம் பிள்ளைகளா என்று பொருள்.

"கலிமேரா, கிரீயா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். கிரீயா என்றால் அம்மணி.

வணக்கத்துக்குப் பிறகு அறிவிப்புகள். அவற்றை ஆங்கிலத்தில்தான் சொல்வார். அன்று ஆங்கிலத்துக்கு வரவில்லை. கிரேக்கத்திலேயே பேசிக்கொண்டு போனார். ஆசிரியைகள் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பெஞ்சு, கரும்பலகை மாதிரி கிரேக்கமும் எங்கள் பள்ளியில் எந்நேரமும் இருக்கிற ஒன்று. நான் மூன்றாம் வகுப்பு வரிசையை நேராக்குவதில் மும்முரமாக இருந்தேன்.

ஐந்தாம் வகுப்பு நஸ்ரீன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், மேடம் நம்மகிட்ட பேசல."

"பின்ன யார்கிட்ட பேசறாங்க?"

"அவுங்க அம்மாகிட்ட. மழை வருது, கொடியில துணி நனையுது, எடுத்துக்கினு வரட்டுமான்னு கேக்கறாங்க."

நிமிர்ந்து பார்த்தேன். மேடத்தின் வலது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. முகத்தில் பயமே இல்லை. சின்னப் பெண் ஒருத்தி அம்மாவின் பதிலுக்குக் காத்திருப்பதுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, தானாகவே, படியில் உட்கார்ந்தார்.

கப்பல்காரர் கொண்டுவந்த மருமகள்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். இந்த வாரம்தான் வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கௌதமி. கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா பூமிக்குள் இறங்கி வேலை செய்தவர். எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் இருக்கும். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியது. நானும் ஏறினேன். இருட்டோடு கிளம்பி, இருட்டோடு திரும்பும் ரயில். அதில் பக்கத்து சீட்டுக்காரி சொல்லித்தான் இந்தப் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

"நீலசந்திராவுல ஒரு வெள்ளக்கார அம்மா ஸ்கூல் வெச்சிருக்காங்களாம். கிரீக் பாஷை சொல்லித் தராங்களாம். கணக்கு டீச்சர் வேணுமாம், போய்ப் பாரேன்."

நான் சிரித்தேன். பெயின்டர், தையல்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிரேக்கமா?

நேர்முகத்துக்குப் போனபோது மேடம் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வெளுத்த பருத்திப் புடவை, நரைத்த கொண்டை. "இன்னாம்மா, கோலாரா? ரயில்ல வந்தியா? மொதல்ல சாப்டு" என்றார். வெள்ளைக்காரத் தமிழ் என்றால் சினிமாவில் வருவதுபோல இழுத்து இழுத்துப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவரோ குழாயடியில் கற்ற தமிழை அப்படியே பேசினார். கோபம் வந்தால் கன்னடமும் உருதுவும் அதில் கலந்து விழும்.

அவரை இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர் கணவர் ஆரோக்கியம் சார். அவரும் எங்கள் தங்கவயல்காரர்தான். அப்பா, தாத்தா எல்லோரும் சுரங்கத்துக்குள் போன குடும்பத்தில் போகமாட்டேன் என்று சொன்ன முதல் ஆள். கடலுக்குப் போனார். கிரேக்க முதலாளி ஒருவரின் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கப்பல் பழுதாகி ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்றபோது, கரையில் ரொட்டிக் கடையில் வேலை பார்த்த கதெரினாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். அதிலேயே பேசிக் கல்யாணமும் செய்துகொண்டார்கள். நீலசந்திராவில் ஒரு மாடி வீடு வாங்கி மனைவியைக் குடிவைத்துவிட்டு அவர் மறுபடி கடலுக்குப் போய்விட்டார்.

குழந்தை இல்லை. வீட்டில் பேச ஆளில்லை. வாசலில் விளையாடிய பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து, ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். மறுநாளும் வந்தார்கள். அப்படித்தான் பள்ளி தொடங்கியது. கீழ்த்தளம் பள்ளி, மேல்தளம் வீடு. முறையாக அனுமதி வாங்கி, அரசுப் பாடத்திட்டம், கன்னடம், ஆங்கிலம், கணக்கு எல்லாம் வைத்து ஐந்தாம் வகுப்புவரை வளர்ந்தது. நாளின் முதல் பாடவேளை மட்டும் கிரேக்கம். கதவு, ஜன்னல், குழாய் எல்லாவற்றின் மேலும் அதன் கிரேக்கப் பெயரை எழுதி ஒட்டியிருப்பார். ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டை. ஆண்டு விழாவில் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக ஆடும் அவர்கள் ஊர் ஆட்டம். முதல் வரிசையில் பர்தா போட்ட அம்மாக்கள் உட்கார்ந்து தாளம் போடுவார்கள்.

"எதுக்கு மேடம் கிரீக்?" என்று ஒருமுறை கேட்டேன். பெரிதாக ஏதோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குப் பேச ஆள் இல்ல கௌதமி. அவ்ளோதான்" என்றார்.

நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அது வீணாகப் போகவில்லை என்பதை ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டேன்.

'நே' என்றால் ஆமாம்

மூளையில் ரத்தக் கட்டி. இடப்பக்கம். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லவே சில நாட்கள் ஆயின. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அடுத்த இடி. மேடம் எங்களிடம் பேசினார், ஆனால் கிரேக்கத்தில் மட்டும். ஆங்கிலம் போயிருந்தது. தமிழ், கன்னடம், எல்லாம் போயிருந்தன. நாங்கள் தமிழில் பேசினால், தூரத்தில் எங்கோ ஒலிபெருக்கி பாடுவதைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

டாக்டர் ஒரு இளம்பெண், கன்னடக்காரர். பொறுமையாக விளக்கினார். பல மொழி பேசுகிறவர்களுக்குச் சில சமயம் இப்படி நேரும், முதலில் கற்றது மட்டும் தங்கும், மற்றவை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

ஆரோக்கியம் சார் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். கப்பலில் எத்தனையோ புயலைப் பார்த்தவர்.

"எனக்கு எஞ்சின் ரூம் கிரீக்தாம்மா தெரியும்" என்றார். "வால்வத் தொற, எண்ணெ ஊத்து, நிறுத்துடா மடையா. அவ்ளோதான் பேசுவோம். பொண்டாட்டிகிட்ட பேசற கிரீக் எனக்குத் தெரியாது. இத்தினி வருஷத்துல கத்துக்கணும்னு தோணவே இல்ல. அவதான் நம்ம பாஷை பேசினாளே."

மறுநாள் மாலை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வார்டில் இருந்தேன். மேடத்தின் நெற்றியெல்லாம் வியர்வை. நர்ஸ் பெண் வந்து இந்தியில், "வலிக்குதா?" என்று போர்வைமேல் வயிற்றைத் தொட்டுக் கேட்டார். மேடம், "நே, நே" என்றார். சரி, வலியில்லை என்று எழுதிக்கொண்டு அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்மேல் தப்புச் சொல்ல முடியாது. 'நை' என்றால் இல்லை என்று கேட்டு வளர்ந்த காது. கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம்.

எழுந்து ஓடினேன். "சிஸ்டர், அவுங்க ஆமான்னு சொன்னாங்க! வலிக்குதுன்னு சொன்னாங்க!" அவர் திரும்பி வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு அடிவயிறு கல்லாகியிருந்தது. எவ்வளவு நேரமாக அந்த வலியோடு கிடந்தாரோ. எத்தனை பேரிடம் ஆமாம், ஆமாம் என்று சொல்லியிருப்பாரோ. குழாயை மாற்றிய பிறகு மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். அந்த நர்ஸ் ஒரு அட்டையில் பெரிதாக, 'நே = யெஸ்' என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

டி.சி. கேட்டு வந்தவர்கள்

வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதற்குள் பள்ளி வாசலில் வேறு பேச்சு தொடங்கியிருந்தது. முருகேஷ் என்று ஒரு பெயின்டர். இரண்டு பிள்ளைகள் எங்களிடம் படித்தார்கள். கைவிரலில் பெயின்ட் காயாமல் வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். மேடத்துக்கே நம்ம பேச்சு புரியலையாம். இனிமே ஸ்கூல் நடக்குமா நடக்காதான்னு தெரியல. டி.சி. குடுத்துட்டீங்கன்னா வேற எடம் பாத்துக்குவேன்."

"உங்க பொண்ணு இன்னா சொல்றா?"

"அது கெடக்கு, அழுவுது."

அவரை என்ன சொல்லித் தடுப்பது? சில பேர் போனார்கள். முருகேஷும் பெரியவனைக் கூட்டிக்கொண்டு போனார். சின்னவளை மட்டும், வருஷம் முடியட்டும் என்று விட்டுவைத்தார்.

நாங்கள் ஆசிரியைகள் கூடிப் பேசினோம். மருத்துவர் தினமும் அவரிடம் பேச்சுக்கொடுக்கச் சொல்லியிருந்தார். ஊரெல்லாம் தேடினாலும் கிரேக்கம் பேசத் தெரிந்தவர்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்? எல்லோரும் கீழ்த்தளத்தில்தான் இருந்தார்கள். ஆகவே தினமும் காலை மேடத்தை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்து வகுப்பில் வைத்தோம்.

பெரிய பிள்ளைகள் கிரேக்கப் பாடப்புத்தகத்தை எடுத்து அவரிடம் படித்துக்காட்டினார்கள். தப்பாகப் படித்தால் அவர் இடது கையால் மேசையைத் தட்டுவார். சரியான சொல்லைத் தேடித் தேடிச் சொல்வார். அந்தத் தேடலில் அவருக்கே பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். முதல் வகுப்புக்குள் நுழைந்தேன். கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, ஆரோக்கியம் சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முருகேஷின் சின்ன மகள். சார் சிலேட்டில் முதல் எழுத்தான ஆல்பாவைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுவது வயசுக்கு மேல ஒண்ணாங் கிளாஸ்" என்றார், என்னைப் பார்க்காமலே. "பெயிலாக்கிடாதம்மா."

எந்த வீடு?

மேடத்தின் அக்கா சோஃபியா குளிர்காலத் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். கறுப்பு உடை, சின்ன உருவம். வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டார். இருவரும் பேசிய பேச்சை நாங்கள் தள்ளி நின்று கேட்டோம். மழை கொட்டுவதுபோல இருந்தது. இவ்வளவு சொற்கள் மேடத்துக்குள் அடைந்துகிடந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் சோஃபியா விஷயத்துக்கு வந்தார். கற்றுவைத்திருந்த ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். தங்கையைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார். அங்கே டாக்டர் அவள் மொழி பேசுவார், கடைக்காரர் பேசுவார், கோவிலில் பேசுவார்கள். இங்கே அவள் யாரிடம் தண்ணீர் கேட்பாள்?

நான் ஆரோக்கியம் சாரைப் பார்த்தேன். வாதாடுவார் என்று நினைத்தேன்.

"நியாயந்தானே" என்றார் தமிழில். "அவளையே கேக்கட்டும்."

பள்ளி விட்ட நேரம். வராந்தாவில் மேடத்தின் நாற்காலிக்கு முன்னால் சோஃபியா குனிந்து கேட்டார். மேடம் நெடுநேரம் யோசித்தார்.

"பாமே ஸ்பீதி" என்றார். வீட்டுக்குப் போவோம்.

சோஃபியாவின் முகம் மலர்ந்தது. அந்த அளவு கிரேக்கம் ஆரோக்கியம் சாருக்குப் புரிந்திருந்தது. அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

தினமும் மாலை மேடத்துக்குப் படித்துக்காட்டும் நஸ்ரீன் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகளுக்குத்தான் சில கேள்விகள் வரும்.

"பியோ ஸ்பீதி, கிரீயா?" என்றாள். எந்த வீடு?

மேடம் அவளைப் பார்த்துச் சிரித்தார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நஸ்ரீன் எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "நீலக் கதவாம் மிஸ். வாசல்ல அத்தி மரமாம். உள்ள அவுங்க அம்மா ரொட்டி சுடறாங்களாம்."

சோஃபியா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார். அந்த வீடு இல்லை. அவர்கள் இருவரும் சிறுமிகளாக இருந்தபோதே நிலநடுக்கத்தில் போய்விட்டது. அம்மாவும் அதில்தான் போனார்.

எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மேடம் மட்டும், எப்போது கிளம்புகிறோம் என்பதுபோல எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழவன் வேணுமா?

சோஃபியா பயணத்தைத் தள்ளிப்போட்டார். காலையில் வகுப்புகளில் போய் உட்கார ஆரம்பித்தார். எங்கள் பிள்ளைகளின் உச்சரிப்பைக் கேட்டுச் சில சமயம் முகம் சுளிப்பார், சில சமயம் அவர்களை இழுத்து முத்தம் கொடுப்பார்.

ஒருநாள் இடைவேளையில் ஆரோக்கியம் சார் டம்ளரில் தண்ணீரோடு வந்தார். காலையிலிருந்து ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். 'தேலிஸ் நெரோ' என்றால் தண்ணீர் வேண்டுமா என்று அர்த்தம். மனைவியின் முன்னால் வந்து நின்றதும் நாக்குப் புரண்டது.

"தேலிஸ் யெரோ?" என்று கேட்டார்.

ஐந்தாம் வகுப்பு முழுக்க 'கொல்' என்று சிரித்தது. அவருக்குப் புரியவில்லை. நஸ்ரீன்தான் சொன்னாள். "சார், கிழவன் வேணுமான்னு கேட்டுட்டீங்க!"

மேடம் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து அவரை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த மீசை, கலைந்த தலை, கையில் தளும்பும் டம்ளர்.

"நே" என்றார். "தேலோ." ஆமாம், வேண்டும்.

அதன் பிறகுதான் சிரித்தார். நோய் வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சோஃபியா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அந்த வார இறுதியில் அவர் தனியாகவே ஊருக்குக் கிளம்பினார். வாசலில் டாக்சி நின்றது. ஆரோக்கியம் சாரின் கன்னத்தைத் தட்டி, "அங்கே அவளிடம் பேச நான் ஒருத்தி. இங்கே ஒரு பள்ளிக்கூடமே பேசுகிறது" என்றார். டாக்சி திரும்பும்வரை மேடம் இடது கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

புத்தகத்தில் இல்லாத சொல்

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தார். தமிழ் திரும்பவில்லை. "இன்னாம்மா கௌதமி" என்று ஒரே ஒருமுறை கூப்பிடமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். கூப்பிடவில்லை. நாங்கள்தான் அவர் பக்கம் போனோம். ஆரோக்கியம் சார் இரண்டாம் வகுப்புப் புத்தகம்வரை வந்தார். மாலையில் மாடியிலிருந்து இருவரும் பேசும் சத்தம் கேட்கும். அவர் தப்பாகப் பேசுவார், அந்தம்மாள் மேசையைத் தட்டுவார்.

ஒரு மதியம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு நீலசந்திராவே வந்தது. படித்துவிட்டுப் போன பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிச் சீருடையில் வந்தார்கள். முருகேஷ் டி.சி. வாங்கிப்போன மகனையும் அழைத்து வந்திருந்தார். சோஃபியாவால் வர முடியவில்லை. என் போனில் வீடியோவில் இருந்தார். ஆரோக்கியம் சாரின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தேன்.

"ஜோயி சே சாஸ்" என்றார் சோஃபியா. அழுகைக்கு நடுவில் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

சாருக்குப் புரியவில்லை. நஸ்ரீனைப் பார்த்தேன். அவள் அப்போது வேறு பள்ளியில் ஆறாவது. அவளும் தெரியாது என்று தலையாட்டினாள். "இது நம்ம புக்ல இல்ல மிஸ்."

ஆமாம், இல்லை. காலை, மழை, ரொட்டி, முட்டை, அம்மா, பூனை எல்லாம் கற்றுத்தந்தவர், சாவு வீட்டில் பேசுகிற பேச்சைக் கற்றுத்தரவில்லை.

சோஃபியா ஆங்கிலத்தில் விளக்கினார். இறந்தவரின் வீட்டாரிடம் அவர்கள் ஊரில் சொல்வது அது. உங்களுக்கு உயிர் இருக்கட்டும், நீங்கள் வாழுங்கள் என்று அர்த்தம்.

நஸ்ரீன் முதலில் போனாள். சாரின் கையைப் பிடித்து, "ஜோயி சே சாஸ்" என்றாள். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவன். பிறகு இன்னொருத்தி. யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை, ஆனால் வரிசை நீண்டது. ஒவ்வொருவருக்கும் அவர், "எஃப்காரிஸ்தோ" என்று நன்றி சொன்னார்.

சில நாள் விடுமுறைக்குப் பிறகு பள்ளியைத் திறந்தோம். முதல் பாடவேளை மணி அடித்தது. அந்த வேளைக்கு என்ன செய்வது என்று நாங்கள் யாரும் பேசி முடிவெடுத்திருக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதல் வகுப்புக்குப் போனேன்.

ஆரோக்கியம் சார் எனக்கு முன்பே அங்கே இருந்தார். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. சாக்பீஸை எடுத்துப் பலகையில் மூன்று கிரேக்க எழுத்துகளை மெதுவாக எழுதினார்.

"ஜோயி" என்றார். "உயிர்னு அர்த்தம். எல்லாரும் சொல்லுங்க."

"ஜோயி" என்றது வகுப்பு.

முதல் வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், அழுத்திச் சொல்ற எழுத்து மேல கோடு போடல நீங்க."

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கடைசி எழுத்தின் தலையில் அந்தச் சின்னக் கோட்டைப் போட்டார்.